அடுத்தவர் எண்ணுக்கு யார் அனுமதி தந்தது?

வெயிலென்றும் மழையென்றும் பாராமல் இந்த நுகர்வோர் மன்றத்தைத் தன் தோளில் தூக்கி நடக்கும் தலைவர் சூசைமாணிக்கம் ஐயா அவர்களே! குறை சொல்லப் போகிறார்கள் என்று தெரிந்தும், கைபேசி விற்பனையாளர்கள் சார்பில் துணிந்து மேடையேறி அமர்ந்திருக்கும் சௌகத் அலி பாய் அவர்களே! எனக்கு முன்னால் கருத்துக்கணிப்பின் முடிவுகளைக் கணீரென்று வாசித்து அமர்ந்த தம்பி விக்னேஷ்குமார் அவர்களே! சாணார்பட்டியிலிருந்தும் குஜிலியம்பாறையிலிருந்தும் பூப்பறித்த கையோடும் களையெடுத்த களைப்போடும் பேருந்து பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே! பேச்சு பிடிக்கவில்லை என்றாலும் பாதியில் எழுந்து போகாத பண்புடைய பெரியவர்களே! நாற்காலி காலியாக இருந்தும் கதவோரமே நின்று கேட்கும் கல்லூரிப் பிள்ளைகளே! உங்கள் அத்தனை பேருக்கும் வழக்கறிஞர் ரீனாவின் வணக்கம்.

திண்டுக்கல் மேடையில் பேச வருகிறவர்கள் பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் கைதட்டு நிச்சயம் என்பார்கள். நான் இன்று பூட்டைப் பற்றிப் பேசப் போவதில்லை. எனக்குக் கைதட்டும் வேண்டாம். செத்த நேரம் காது கொடுங்கள், போதும்.

தம்பி விக்னேஷ்குமார் என்ன வாசித்தார்? போன் வாங்கும்போது எதைப் பார்த்து வாங்குகிறீர்கள் என்று மன்றம் கேட்டதற்கு நம் மக்கள் சொன்ன பதிலை வாசித்தார். படம் பளிச்சென்று விழ வேண்டும் என்றார்கள். சார்ஜ் சாயங்காலம் வரை நிற்க வேண்டும் என்றார்கள். கீழே விழுந்தாலும் கண்ணாடி கீறக் கூடாது என்றார்கள். எல்லாம் நியாயம். கடைசியாக, போனுக்குள் இருக்கும் உங்கள் விவரங்கள் வெளியே போகிறதே, அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலானவர்கள் ஒரே குரலில் என்ன சொல்லியிருக்கிறார்கள்? "எங்கிட்ட ஒளிக்க என்ன இருக்கு?"

எங்கிட்ட ஒளிக்க என்ன இருக்கு! எவ்வளவு நேர்மையான பதில்! எவ்வளவு நிம்மதியான பதில்! களவு செய்யாதவன் சொல்லும் பதில். கபடம் இல்லாதவள் சொல்லும் பதில். தாய்மார்களே, அந்தப் பதிலைச் சொன்ன ஒரு நல்ல பெண்ணையும், அந்தப் பதிலால் வெட்டுப்பட்ட இன்னொரு பெண்ணையும் பற்றிச் சொல்லத்தான் நான் இங்கே நிற்கிறேன்.

வெட்டுப்பட்டவளைப் புவனேஸ்வரி என்று அழைக்கிறேன். அது அவள் பெயரன்று. நான் சொல்லப் போகும் பெயர் ஒன்றுகூட உண்மைப் பெயரன்று. இதை மேடையில் சொல்லலாமா என்று அவளிடம் கேட்டேன். "எம்பேரச் சொல்லாதீங்க. நடந்ததச் சொல்லுங்க" என்றாள். அந்த அனுமதியோடுதான் பேசுகிறேன்.

குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமம். தகப்பன் இல்லை. தாய் கருப்பம்மாள் கூலி வேலை செய்து கட்டிக்கொடுத்த ஒரே மகள். கட்டியவன் எப்படிப்பட்டவன்? குடித்தால் அடிப்பவன் அல்ல ஐயா, குடிக்காமல் அடிப்பவன்! குழம்பில் உப்புக் குறைந்தால் அடி. கூப்பிட்டதும் திரும்பவில்லை என்றால் அடி. ஒருநாள் அம்மிக் குழவியை எடுத்து ஓங்கினான். குறி தவறியது. அது சுவரில் பட்டு விழுந்த சத்தம் இன்னும் காதுக்குள் இருக்கிறது என்று என்னிடம் சொன்னாள்.

மறுநாள் அவன் வேலைக்குப் போன பிறகு, நடுப்பகலில், கட்டிய சேலையோடு கிளம்பினாள். தாய் வீட்டுக்குப் போகவில்லை. அங்கேதான் முதலில் தேடுவான் என்று அவளுக்குத் தெரியும். பேருந்து மாறி மாறி ஒட்டன்சத்திரத்தில் போய் இறங்கினாள். ஊர் ஊராக லாரி வந்து போகும் மார்க்கெட்; புது முகத்தை யாரும் உற்றுப் பார்க்க நேரமில்லாத இடம். ஒரு மண்டியில் தக்காளி தரம் பிரிக்கும் வேலை கிடைத்தது. பழைய சிம் கார்டை ஒடித்துப் போட்டாள். புது எண் வாங்கினாள். அந்த எண்ணைத் தாய்க்குச் சொன்னாள். தன்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணுக்குச் சொன்னாள். வேறு யாருக்கும் சொல்லவில்லை.

அந்தப் பெண்தான் பானுப்ரியா. சின்னவள், சிரித்த முகம், சோறு கட்டிக்கொண்டு வந்தால் பாதியை அடுத்தவருக்கு வைக்கிறவள். "ஏனுங்க்கா, உங்க நம்பரக் குடுங்க. லோடு சீக்கிரம் வந்துட்டா நான் கூப்புடுறேன்" என்று கேட்டிருக்கிறாள். புவனேஸ்வரி தயங்கி, "யாருக்கும் குடுத்துராத புள்ள. எம்புருசனுக்குத் தெரிஞ்சா என்னைய உசுரோட விடமாட்டான்" என்று சொல்லிக் கொடுத்தாள்.

பானுப்ரியா யாருக்காவது கொடுத்தாளா? சத்தியமாகக் கொடுக்கவில்லை. கேட்டவர்களுக்குக்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் அவள் போன் கொடுத்தது!

எப்படி? அவளுக்கே ஒரு தொல்லை இருந்தது. முகம் தெரியாத எவனோ அடிக்கடி கூப்பிட்டு அசிங்கமாகப் பேசிக்கொண்டிருந்தான். போன் கடையில் போய் அழாத குறையாகச் சொன்னாள். கூப்பிடுவது யார் என்று பெயரோடு காட்டும் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தார்கள். அதைத் திறந்ததும் அது ஒரு கேள்வி கேட்டது: உங்கள் போனில் இருக்கும் பெயர்களையும் எண்களையும் பார்க்க அனுமதிக்கிறீர்களா? எங்கிட்ட ஒளிக்க என்ன இருக்கு என்று நினைத்தாள். அனுமதி என்ற இடத்தில் அழுத்தினாள். பாதுகாப்புக்காகத்தான் அழுத்தினாள், தாய்மார்களே! பாதுகாப்புக்காக!

கூப்பிடுகிறவன் பெயர் அந்தச் செயலிக்கு எப்படித் தெரியும்? ஆகாயத்திலிருந்தா வருகிறது? உங்கள் போனில் நீங்கள் எழுதி வைத்த பெயர்களை அள்ளிக்கொண்டு போய்த்தான் அடுத்தவனுக்குக் காட்டுகிறது. அவன் போனிலிருந்து அள்ளியதை உங்களுக்குக் காட்டுகிறது. அப்படித்தான் பானுப்ரியா அன்போடு எழுதி வைத்த ஒரு வரி அங்கே போய்ச் சேர்ந்தது: "புவனா அக்கா தக்காளி மண்டி ஒட்டன்சத்திரம்."

பெயர் இருக்கிறது. தொழில் இருக்கிறது. ஊர் இருக்கிறது. ஒளிந்திருந்தவளுக்கு இதைவிட ஒரு வழிகாட்டிப் பலகை வேண்டுமா?

இந்தப் பக்கம் குஜிலியம்பாறையில் என்ன நடந்தது? கணவன் மாமியார் வீட்டுக்கு வந்தான். பழமும் பூவும் வாங்கிக்கொண்டு வந்தான். திருந்திவிட்டேன் என்றான். கிளம்பும்போது, "அத்த, எம்போன்ல சார்ஜ் இல்ல. ஒரு போன் போட்டுட்டுத் தாரேன்" என்று கேட்டான். கருப்பம்மாளிடம் இருந்தது பட்டன் போன். மகள் எண்ணை எந்தப் பெயரிலும் பதியாமல்தான் வைத்திருந்தார். வாசலில் வந்து கேட்கும் மருமகனிடம் இல்லை என்று சொல்ல அந்தத் தாய்க்கு வாய் வரவில்லை. போனை வாங்கியவன் யாரையும் கூப்பிடவில்லை. பெயரில்லாத ஒரே எண் திரும்பத் திரும்ப வந்திருப்பதைப் பார்த்தான். மனதில் வாங்கிக்கொண்டான். தெருமுனைக்குப் போய், தன் போனிலும் இருந்த அதே செயலியில், அந்த எண்ணைத் தட்டினான்.

வெறும் எண்ணை வைத்து அவனால் என்ன செய்திருக்க முடியும்? கூப்பிட்டிருப்பான். குரலைக் கேட்டதும் அவள் வைத்திருப்பாள். அந்த சிம்மையும் ஒடித்துப் போட்டிருப்பாள். தாயின் வெள்ளை மனதை ஏமாற்றியவனுக்குக் கிடைத்தது எண் மட்டும்தான். ஊரைக் கொடுத்தது அந்தச் செயலி!

(என்னம்மா கேட்கிறீர்கள்? ஆமாம் தாயே, வந்துவிட்டான். சொல்கிறேன்.)

காலை ஏலம் நடந்துகொண்டிருந்த நேரம். லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. கூவுகிற சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கேட்காது. அவன் நேராக மண்டிக்கு வந்து, யாரிடமோ பணிவாக, "புவனா இங்க எங்கண்ணே இருக்காக?" என்று கேட்டிருக்கிறான். அவரும் கையைக் காட்டியிருக்கிறார். குனிந்து தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிழல் விழுந்ததைப் பார்த்து நிமிர்ந்தாள். அவன் கையில் அரிவாள். கழுத்துக்கு வந்ததை வலது கையால் தடுத்தாள். இரண்டாவது வெட்டுக்கு அவன் ஓங்குவதற்குள், லாரியிலிருந்து சுமை இறக்கிக்கொண்டிருந்த மரியசெல்வம் கையிலிருந்த தக்காளிப் பெட்டியோடு அவன் மேல் பாய்ந்தார். நாலைந்து பேர் சேர்ந்து அமுக்கினார்கள். பானுப்ரியா ஓடிவந்து தன் துப்பட்டாவை அவிழ்த்து அந்தக் கையில் சுற்றினாள். தரையெல்லாம் சிவப்பு. எது தக்காளி, எது இரத்தம் என்று தெரியவில்லை என்று சாட்சி சொல்லும்போது மரியசெல்வம் அழுதார். மூட்டை சுமந்து மரத்துப்போன தோள் குலுங்கிக் குலுங்கி அழுதது.

உயிர் பிழைத்தாள். ஆனால் அந்த வலது கை? விரல்கள் மடங்கவில்லை. ஒரு தக்காளியைக்கூட அந்தக் கையால் இன்று பிடிக்க முடியாது.

காவல் நிலையத்தில், "அவ இருக்குற இடம் எப்படிடா தெரிஞ்சுது?" என்று கேட்டார்கள். அவன் தலைகுனியவில்லை. ஏதோ கெட்டிக்காரத்தனம் செய்தவனைப் போல, பிடுங்கி வைத்திருந்த போனைக் கேட்டு வாங்கித் திறந்து காட்டினான். சாட்சி சொல்லப் போன பானுப்ரியா பக்கத்தில் நின்று அதைப் படித்தாள். "இது நான் எழுதுனதுங்க... இது நான் எழுதுனதுங்க..." என்றாள்.

நேராக மருத்துவமனைக்குப் போனாள். கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். வழக்கை ஏற்றிருந்த நானும் அப்போது அங்கே இருந்தேன். புவனேஸ்வரி அவளைத் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. ஒன்றுதான் கேட்டாள்:

"ஓம்போன்ல இன்னும் யார் யாரு பேரு புள்ள இருக்கு?"

பானுப்ரியா போனை எடுத்துப் பார்த்தாள். மண்டியில் வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். பிள்ளையின் டீச்சர் இருந்தார். மகப்பேறு மருத்துவர் இருந்தார். புருசனை விட்டுத் தனியாக வாழும் இன்னொருத்தி, ஊரோடு, தெருவோடு இருந்தாள்.

நான் அந்தச் செயலி நிறுவனத்துக்கு அறிவிப்பு அனுப்பினேன். என்ன பதில் வந்தது தெரியுமா? உங்கள் கட்சிக்காரர் விரும்பினால், எங்கள் தளத்துக்கு வந்து, தன் எண்ணைக் கொடுத்து, நீக்கும்படி விண்ணப்பிக்கலாம் என்று வந்தது! அவள் அந்தச் செயலியைத் தொட்டதில்லை. அதன் பெயரைக் கேட்டதில்லை. எந்த அனுமதியையும் அழுத்தியதில்லை. அவளைக் காட்டிக்கொடுக்க அவளைக் கேட்கவில்லை. அவளை விட்டுவிட மட்டும் அவள் வந்து விண்ணப்பிக்க வேண்டுமாம்! இது எந்த ஊர் நியாயம்? எந்த உலகத்து நீதி?

அதோ, ஒரு தம்பி கேட்கிறார், கடைக்காரர் மேல் தப்பில்லையா என்று. சௌகத் அலி பாய் இங்கேயே இருக்கிறார். பேசுவதற்கு முன்னால் அவரிடம் கேட்டேன். "வக்கீலம்மா, கேக்குறதப் போட்டுக் குடுக்குறோம். அது எதை எடுக்குதுன்னு நாங்களே படிச்சதில்ல" என்றார். மறைக்காமல் சொன்னதற்கு நன்றி பாய். இனிமேல் படித்துவிட்டுப் போடுங்கள். இது கோரிக்கை அல்ல, மன்றத்தின் கட்டளை என்று தலைவர் தலையாட்டுகிறார்.

புவனேஸ்வரி இப்போது எங்கே என்கிறீர்களா? வெட்டியவன் ஜாமீனில் வெளியே வந்தான். வழக்கு நடக்கிறது. அதற்குள் ஒரு காலையில், காய் ஏற்றிப் போகும் லாரிகளில் ஒன்றில் அவளை ஏற்றிவிட்டோம். எந்த மாநிலம் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

சில வாரம் கழித்துக் கருப்பம்மாள் என் அலுவலகத்துக்கு வந்தார். மகள் எண்ணைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் உட்காரக்கூட இல்லை. "நம்பரு எனக்கு வேணாம் தாயி. எங்கிட்ட இருந்தா எவனாச்சும் எடுத்துருவான். நீங்க பேசுறப்ப, சாப்புட்டாளான்னு மட்டும் கேட்டு எனக்கு வந்து சொல்லுங்க" என்றார்.

பெற்றவள், தன் பிள்ளையின் குரலே வேண்டாம் என்கிறாள்! உயிரோடு இருக்கும் மகளிடம் பேசாமல் இருப்பதுதான் அவளைக் காப்பாற்றும் வழி என்று ஒரு தாயை முடிவெடுக்க வைத்திருக்கிறோமே, இதற்குப் பெயர் வசதியா? இதற்குப் பெயர் வளர்ச்சியா? இதற்குப் பெயர் அறிவியலா?

அன்பர்களே! உங்களிடம் ஒளிக்க ஒன்றுமில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்களை நம்பி எண் தந்தவளிடம் இருக்கிறது! ஓடிவந்தவளிடம் இருக்கிறது! ஒதுங்கி வாழ்பவளிடம் இருக்கிறது! நோயை மறைத்து வேலைக்குப் போகிறவரிடம் இருக்கிறது! கலப்பு மணம் செய்து, கண்ணில் படாமல் குடித்தனம் நடத்தும் பிள்ளைகளிடம் இருக்கிறது! அவர்கள் அத்தனை பேரும் உங்கள் சட்டைப் பைக்குள், உங்கள் கைப்பைக்குள், இந்த நொடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். போன் உங்களுடையதுதான். ஆனால் அவர்கள் உயிருக்கு அனுமதி கொடுக்க நீங்கள் யார்? நான் யார்?

படம் பளிச்சென்று விழட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. சார்ஜ் நிற்கட்டும். ஆனால் அடுத்தமுறை கடையில் நிற்கும்போது, இது யாருடைய பெயரையெல்லாம் எடுத்துக்கொண்டு போகும் என்று வாய் திறந்து கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத செயலி எவ்வளவு இனித்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். போட்டே ஆக வேண்டிய ஒன்று பெயர்களைக் கேட்டால், மறுத்துவிடுங்கள். கேட்டதையெல்லாம் கொடுப்பது பெருந்தன்மை அல்ல. நம்பி வந்தவரைக் கொடுக்காமல் இருப்பதுதான் பெருந்தன்மை!

கருப்பம்மாளுக்குச் செய்தி சொல்ல நாளைக் காலையில் குஜிலியம்பாறை போகிறேன். சாப்பிட்டாளாம். இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டாளாம். அதைத்தான் சொல்லப் போகிறேன்; சொல்வதற்கு என்னிடம் வேறு நல்ல செய்தி இல்லை.

கனமான பேச்சைக் கலையாமல் இருந்து கேட்ட உங்கள் பொறுமைக்கும், பேச இடம் தந்த மன்றத்துக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வீடு போய்ச் சேருங்கள். பத்திரமாக வையுங்கள், உங்களையும், உங்களை நம்பியவர்களையும். வணக்கம்.