முனியாண்டி கோயிலும் இரண்டாவது லோரியும்

மலேசியாவில், பீடோங்கிலிருந்து சுங்கைப் பட்டாணிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு லோரி ஓட்டுநரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"என் காலுக்கு இனிமே வேலை இல்லையாம்," என்றார் அவர்.

"கால்ல என்னங்க?"

"கால் நல்லாத்தான் இருக்கு. புது லோரி லா. மூணு லோரி வரிசையா போகும். முன்னால போறது பிரேக் போட்டா என்னோடதும் தானா போடும். அது வேகமா போனா இதுவும் போகும். நான் ஸ்டீரிங் பிடிச்சா போதுமாம்."

"அப்ப முனியாண்டி கோயில்கிட்ட? தினம் ஸ்லோ பண்ணி ஹார்ன் அடிச்சிட்டுத்தானே போவீங்க?"

"அதான் எனக்கும் புரியல. முன்னால ஓட்டப்போறது ரம்லி, மலாய்க்காரன். அவன் ஏன் ஸ்லோ பண்றான்?"

"நீங்களே பிரேக் போடுங்க."

"போட்டா வரிசை கலைஞ்சிரும். கம்பெனியில ஏன்னு கேப்பாங்க."

"ஹார்னாவது அடிங்க."

"அடிச்சா ரம்லி என்னமோ ஏதோன்னு பிரேக் போடுவான். மூணு லோரியும் ஸ்லோ ஆயிரும்."

"நல்லதுதானே?"

"அவன் போட்ட பிரேக் லா. சாமி அத யார் கணக்குல வைக்கும்?"

"அப்ப முதல் லோரிய நீங்க கேளுங்க."

"கேட்டேன். நீ கோயிலுக்குக் கோயில் ஸ்லோ பண்ணுவே, பின்னால ரெண்டு பேரும் ஏன்னே தெரியாம ஸ்லோ பண்ணணுமான்னு கேட்டாங்க."

சாலையோரத்தில் முனியாண்டி கோயில் வந்தது. பஸ் வேகம் குறையவில்லை. அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவருடைய வலது கால் மட்டும் பஸ்ஸின் தரையை அழுத்திக்கொண்டிருந்தது, கோயில் பின்னால் மறைகிறவரை.