இந்தச் சீடி மட்டும் ஓடாத டெக்

— இதிலயும் ஓடுது ஐயா.

— இதிலயுமோ?

— ஓம். முந்தின ரெண்டையும் விட வடிவா ஓடுது. அந்தப் பிள்ளையின்ர தோட்டில இருக்கிற கல்லை எண்ணலாம்.

— நான் அந்தப் பக்கம் பாக்கேல்லை ராசா. சத்தத்தைக் குறைச்சு விடு. வேற டெக் இல்லையோ?

— ஐயா, நான் ஒண்டு கேக்கட்டோ. இந்தக் கிளிநொச்சிக்க புளூ-ரே பிளேயர் வைச்சிருக்கிற கடை எனக்குத் தெரிய இது ஒண்டுதான். விக்க இருந்தது மூண்டு. மூண்டிலயும் நீங்கள் கொண்டு வந்த சீடி போட்ட உடன ஓடினது. ஒவ்வொருக்காலும் அது ஓடத் தொடங்க நீங்கள் செத்தவீட்டுக்கு வந்த ஆள் மாதிரி பெருமூச்சு விடுறியள். உங்களுக்கு என்ன சாமான் வேணும் எண்டு விளங்கச் சொல்லுங்கோ.

— நல்ல டெக் வேணும். கறுப்பா, மினுங்கிக்கொண்டு, பாத்தால் விலை கூடின சாமான் எண்டு தெரிய வேணும். ஹோம் தியேட்டரோட பூட்டுறதுக்கு.

— அதில பிழை இல்லை. பிறகு?

— உலகத்தில இருக்கிற எல்லாச் சீடியும் அதில ஓட வேணும்.

— மூண்டும் அப்பிடித்தான் ஐயா.

— இந்தச் சீடி மட்டும் ஓடக் கூடாது.

— சரி. நான் பதினெட்டு வயதில இருந்து இந்தக் கடையில நிக்கிறன். வாங்கின சாமான் ஓடேல்லை எண்டு சண்டைக்கு வந்த ஆக்கள் கன பேர். ஓடாத சாமான் தா எண்டு வந்தது நீங்கள்தான் முதலாவது ஆள்.

— நக்கலடியாத. என்ர மனிசி வெளியில ஓட்டோக்க இருக்கிறா. கடைக்குள்ள வரமாட்டன் எண்டிட்டா. "உங்கட வாயால வந்தது, நீங்களே போய்த் தீருங்கோ" எண்டு அக்கராயனில இருந்து இஞ்ச வரைக்கும் ஒரே பாட்டு.

— என்ன சீடி ஐயா இது?

— என்ர தம்பியின்ர மூத்த மகள் தேனுகா பெரியபிள்ளை ஆனதுக்குச் செய்த சாமத்திய வீடு. சுவிசில வைச்சது. ரெண்டு வரியத்துக்கு முன்னம் தபாலில வந்தது.

— நீங்கள் பாக்கேல்லையோ?

— எங்கட வீட்டில கிடந்தது பழைய டிவிடி டெக். இதைப் போட்டால் கிர் கிர் எண்டு கத்திப்போட்டு வெளியில துப்பிப்போடும். நாலு தரம் போட்டனாங்கள். நாலு தரமும் துப்பினது.

— அதில பிழை இல்லை. டிவிடி பிளேயரால புளூ-ரே வாசிக்கேலாது. அதைத் தம்பியாரிட்டச் சொல்லியிருக்கலாமே.

— அங்கதான் ராசா விசயம். கேள். எனக்கும் தம்பி ஜெயந்தனுக்கும் பதினொரு வரியமாய்க் கதை பேச்சு இல்லாமல் கிடந்தது. என்ர மகள் கௌசலாவின்ர கலியாணத்துக்கு அவனுக்குக் காட் அனுப்பினனான். போன் எடுத்துச் சொல்லேல்லை.

— காட் மட்டுமோ?

— மனிசி சொன்னவா எண்டு நான் நினைச்சன். நான் சொன்னனான் எண்டு அவா நினைச்சா. கூடப் பிறந்தவனுக்கு வெறும் காட். ஊரில உள்ளவைக்கு அனுப்பின அதே காட். அதோட விட்டவன்தான். பதினொரு வரியம்.

— அது பெரிய பிழைதான் ஐயா.

— பிறகு ஒரு நாள் இந்தச் சீடி வருது. கடிதம் இல்லை. என்ர பேர் மட்டும் அவன்ர கையெழுத்தில. அடுத்த ஞாயிறு போன் அடிக்குது. வணக்கம் இல்லை, சுகமோ எண்டு இல்லை. "அண்ணை, பாத்தனியளோ?" எண்டான். பதினொரு வரியத்துக்குப் பிறகு வாற முதல் கேள்விக்கு இல்லை எண்டு சொல்ல வாய் வருமோ, சொல்லு பாப்பம்.

— ஓம் எண்டிட்டியள்.

— ஓம் எண்டதோட நிப்பாட்டியிருக்கலாம். "எப்பிடி இருந்தது?" எண்டான். "பிள்ளை பல்லக்கில வந்தது கண்ணுக்குள்ளயே நிக்குது" எண்டன். சுவிசில இருக்கிற ஆக்கள், பல்லக்கு இல்லாமல் செய்வினமோ எண்ட ஒரு நம்பிக்கை.

— இஞ்ச ஓடினதில பிள்ளை நடந்துதான் வந்தது ஐயா. பள்ளிக்கூட மண்டபம் மாதிரிக் கிடக்கு. சுவரில பந்து போடுற வளையம் கூடத் தெரியுது.

— அதைத்தான் சொல்லாத எண்டுறன். அடுத்த ஞாயிறு திருப்பியும் எடுத்தான். "வேற என்ன பிடிச்சது?" எண்டான். வெள்ளைக் குதிரை ரெண்டு எண்டன். அதுக்கடுத்த கிழமை நாதஸ்வரம் எட்டுக் கூட்டம் எண்டன். ரெண்டு வரியம் ராசா. ஒவ்வொரு ஞாயிறும். மனிசி போனைப் பறிச்சு, தம்பியின்ர மனிசியின்ர சேலை கத்தரிப்பூ நிறம், அள்ளிக்கொண்டு போகுது எண்டா.

— பச்சை ஐயா.

— தெரியும், இப்பத்தான் நீ முதலாவது டெக்கில போடேக்க ஓட்டோக்குள்ள இருந்து எட்டிப் பாத்தவா. அதுதான் கோபம்.

— அப்ப உங்களிட்ட இருக்கிற கற்பனைக்கு ஹோம் தியேட்டர் தேவையில்லையே.

— அதுவும் அவன் அனுப்பினதுதான். அண்ணை இவ்வளவு ரசிச்சுப் பாக்கிறார், சின்ன டிவியில பாக்கிறார் எண்டு கொழும்புக்கு வந்த கொண்டெய்னரில போட்டுவிட்டான். டிவி இந்தச் சுவரளவு. ஸ்பீக்கர் ஆறு. டெக் மட்டும் அனுப்பேல்லை. அதுதான் உங்களிட்ட இருக்கே எண்டான். பாத்தனான் எண்டு சொன்ன ஆள் இல்லையெண்டு சொல்லேலுமோ.

— அந்தச் செட்டை என்ன செய்யிறியள்?

— அந்தப் பெரிய பேஸ் ஸ்பீக்கர் பெட்டிக்கு மேல மனிசி குத்துவிளக்கு வைச்சிருக்கிறா. உயரம் அளவாய் இருக்குதாம். பின்பக்கத்து ஸ்பீக்கர் ரெண்டும் வயலில நிக்குது.

— வயலிலயோ?

— மயில் கலைக்க. போன்ல நாய் குரைக்கிற சத்தத்தைப் போட்டு விட்டால் அரை ஏக்கருக்கு ஒரு மயில் இறங்காது. நல்ல சாமான்.

— அதில பிழை இல்லை. அஞ்சு தசம் ஒண்டு எண்டு பெட்டியில எழுதியிருக்கும். வீட்டில மூண்டு தசம் ஒண்டு, வயலில ரெண்டு. சரி ஐயா, இப்ப என்ன அவசரம்?

— வெள்ளிக்கிழமை வாறான். மனிசி பிள்ளையளோட. தேனுகா கேட்டவளாம், பெரியப்பாவுக்குப் பக்கத்தில இருந்து அந்தச் சீடியைப் பாக்க வேணும் எண்டு. "உங்கட டெக் கிழண்டியிருக்கும், நல்லதா ஒண்டு புதுசா வாங்கி வையுங்கோ" எண்டு தம்பி சொல்லிப்போட்டான். இண்டைக்குப் புதன்.

— வெள்ளிக்கிழமை கரண்ட் நிண்டுது எண்டால்?

— போன வரியம் அவன்தான் கூரையில சோலர் பூட்டி விட்டவன்.

— தம்பியார் ஒரு வழியும் மிச்சம் வைக்கேல்லை. சரி, நான் ஒரு வழி யோசிச்சனான். இந்த நடுவில இருக்கிறது சிங்கப்பூர்ப் பக்கத்துப் பிளேயர். ஐரோப்பாவில விக்கிற படச் சீடியைப் போட்டால், நீ எந்த நாடு எண்டு கேட்டுத் திருப்பி அனுப்பிப்போடும்.

— அப்ப இதுவும் சுவிஸ் சீடிதானே, திருப்பி அனுப்பட்டுமே.

— கடையில விக்கிற படத்துக்குத்தான் ஐயா அந்த விசா. ஸ்டூடியோக்காரன் எழுதித் தாற சாமத்திய வீட்டுச் சீடிக்கு நாடு கிடையாது. எங்க போனாலும் உள்ள விடும்.

— எங்கட சனத்தைவிடச் சீடிக்கு மரியாதை.

— அப்ப சுகமான வழி ஒண்டு இருக்கு. சீடியின்ர பின்பக்கத்தில இந்த ஸ்குரூ டிரைவரால ஒரு கோடு. உலகத்தில ஒரு டெக்கிலயும் ஓடாது. ஒரு நிமிசம். காசும் வேண்டாம்.

— வை அதைக் கீழ.

— சும்மா சொன்னனான்.

— தம்பியின்ர பிள்ளை இருக்கிறாள் அதுக்குள்ள. எப்பிடிக் கோடு போடுறது?

— ஐயா, அப்ப ஒருக்காத் திரும்பிப் பாருங்கோவன். சத்தம் இல்லாமல்தான் ஓடுது. ரெண்டு வரியமாய்க் கதைக்கிறியள், ஒருக்காலும் முகத்தைக் காணேல்லை.

— பாத்தால் பிறகு... சரி. எது? நீலப் பாவாடையோ?

— இல்லை, அது தோழி. நடுவில நிக்கிறது.

— எங்கட அம்மாவின்ர மூக்கு.

— ஐயா, கதிரையில இருங்கோ.

— ஒண்டும் இல்லை. தூசி. உந்த மணவறைக்குப் பக்கத்தில ஒரு மேசை கிடக்குதே, அதில படம் ஏதும் வைச்சிருக்கோ? மாலை போட்டு, விளக்குக் கொளுத்தி?

— கேக் வைச்சிருக்கு.

— வேற இடத்தில?

— நான் மூண்டு தரம் பாத்திட்டன் ஐயா. படம் ஒண்டும் இல்லை.

— எல்லாத்தையும் சமாளிக்கலாம் ராசா. குதிரை, பல்லக்கு, அதெல்லாம் வேற சீடியோட மாறிப்போச்சு எண்டு சொல்லலாம். ஆனால் ஒரு ஞாயிறு சொல்லிப்போட்டன், மேடையில அம்மாவின்ர படத்துக்கு முன்னால பிள்ளை விளக்குக் கொளுத்தினதைப் பாத்து நான் அழுதனான் எண்டு. அவன் "ஓம் அண்ணை" எண்டு மட்டும் சொன்னான். அதைப் பொய் எண்டு அவனுக்கு எப்பிடிக் காட்டுறது? திருப்பி ஒரு பதினொரு வரியம் எண்டால், எனக்கு வயது அறுபத்து மூண்டு.

— ஐயா.

— என்ன?

— கண்ணாடி அலுமாரிக்குள்ள ஒண்டு கிடக்கு. கறுப்பு. மினுங்கும். மூண்டையும் விடப் பெரிய பேர். போன மாரியில மின்னல் அடிச்சதில உள்ளுக்க சீடி வாசிக்கிற கண் பழுதாப் போச்சுது. லைட் எரியும். தட்டு வெளியில வரும், உள்ள போகும். பிறகு "வாசிக்கிறன், வாசிக்கிறன்" எண்டு எழுதிக் காட்டிக்கொண்டே இருக்கும். நான் ஒருக்கா மத்தியானச் சாப்பாட்டுக்குப் போட்டு வந்து பாத்தனான், அப்பவும் வாசிச்சுக்கொண்டிருந்தது.

— எடு அதை.

— அதில வேற ஒரு சீடியும் ஓடாது ஐயா.

— நாங்கள் வேற என்னத்தைப் பாக்கப் போறம். கட்டு.

— பழுது எண்டு பெட்டியில எழுதித்தான் தருவன். கடைக்குப் பேர் இருக்கு.

— எழுது. பெட்டிக்கு உள்பக்கமாய் எழுது. அப்பாடா. மூண்டு நாளைக்குப் பிறகு இண்டைக்குத்தான் சோறு இறங்கும்.

— உங்கட போன் அடிக்குது ஐயா.

— தம்பி. ராசா, நீ ஒண்டும் கதைக்காத. இந்தப் போன் காதில வைச்சால் கேக்காது, லவுட்லதான் கேக்கும். ஹலோ, ஓமடா தம்பி.

— அண்ணை, எங்க நிக்கிறியள்?

— டெக் வாங்கக் கடைக்கு வந்தனான்.

— வாங்கிட்டியளோ?

— கட்டச் சொல்லிப்போட்டன். முதல்தரமான சாமான்.

— ஐயோ அண்ணை. பக்கத்தில ஆரும் நிக்கினமோ?

— கடைக்காரப் பெடியன் நிக்கிறான். பரவாயில்லை, எங்கட ஆள்தான். என்னடா, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?

— கோவிக்கக் கூடாது. பிள்ளை கேட்டாள் எண்டு நான் வாய் தவறி டெக் வாங்கச் சொல்லிப்போட்டன். ராத்திரி முழுக்க நித்திரை இல்லை. அந்தக் கடையில ஒருக்கா விசாரியுங்கோ அண்ணை, நல்ல டெக்காய், ஆனால் இந்தச் சீடி மட்டும் ஓடாத மாதிரி ஒண்டு இருக்கோ எண்டு.

— ரெண்டாவது ஆள், ஐயா.

— நீ வாயை மூடு ராசா. ஏன்ரா தம்பி அப்பிடிக் கேக்கிறாய்?

— அதில பல்லக்கு இல்லை அண்ணை. குதிரையும் இல்லை. பள்ளிக்கூட மண்டபம், ஐம்பது பேர், ஒரு கேக். பிள்ளையளுக்கு முன்னால அது ஓடினால் நீங்கள் தலை குனிய வேண்டி வரும். எனக்கு அதைப் பாக்கேலாது.

— அப்ப அம்மாவின்ர படம்?

— வைக்க மறந்து போனனான். நீங்கள் அழுதனான் எண்டு சொன்ன அண்டைக்குப் பின்னேரந்தான் தேடி எடுத்துச் சாமியறையில மாட்டினனான். தேனுகா ஒவ்வொரு வெள்ளியும் விளக்குக் கொளுத்துறவள்.

— தம்பி, அப்ப நான் பாக்கேல்லை எண்டு உனக்கு...

— முதல் ஞாயிறே தெரியும் அண்ணை. சீடியைப் பாத்த சொந்தக்காரர் எல்லாரும் "நல்லா இருந்துது" எண்டு ரெண்டு சொல்லோட போனை வைச்சிட்டினம். பாக்காத நீங்கள் ஒராள்தான் ரெண்டு வரியமாய் என்னோட கதைச்சுக்கொண்டிருக்கிறியள்.