புட்டு முதலோ, பாரம் முதலோ?

அரிசி ஆலை கண்டும் அடங்காமல் ஜிம் ஒன்றும் கண்ட எங்கள் கழகத் தலைவர், அவையை அலங்கரிக்கும் தங்கராசா அண்ணர் அவர்களே! அவரை வியர்வையோடு வீட்டுக்குள் ஏற விட மறுத்து, கிணற்றடிக்குத் திருப்பி அனுப்பும் அவருடைய துணைவியார் அவர்களே! முன்வரிசையிலே முழங்கால் நோவோடு வீற்றிருக்கும் மூத்தோர்களே! பின்வரிசையிலே கதிரை இருக்கவும் அமராமல், தங்கள் புஜத்தைத் தாங்களே மடக்கிப் பார்த்து மகிழ்ந்து நிற்கும் பிள்ளைகளே! அடுப்படியிலிருந்து வாசத்தை அனுப்பி என் பேச்சைக் குறுக்க முயலும் அன்புத் தாய்மாரே! நெடுங்கேணி வைரத்தோள் உடல்வலுக் கழகத்தின் செயலாளனும், ஓய்வுபெற்ற தபால் அதிபனும், தொண்ணூற்று நான்கு கிலோ எடை உடையவனுமாகிய சிற்றம்பலம் உங்கள் முன் தலை தாழ்த்தி நிற்கிறேன்.

ஜிம்முக்குள் கண்ணாடி வைப்பார்கள். கண்டிருக்கிறோம். ஜிம்முக்குள் தராசு வைப்பார்கள். கண்டு கவலைப்பட்டிருக்கிறோம். ஜிம்முக்குள் அடுப்பு மூட்டிக் குசினி வைத்த ஊரை எங்கேனும் கண்டீர்களா? அந்தக் குசினியைத்தான் இன்று திறக்கப் போகிறோம். அது ஏன் எழுந்தது, எவருக்காக எழுந்தது என்பதைச் சொல்லவே இந்த ஒலிவாங்கியைப் பிடித்தேன்.

என்ன தம்பி? சுருக்கமாகவா? சுருக்கமாகத்தான் சொல்லப் போகிறேன். என் சுருக்கத்தின் நீளத்தை அறிந்தவர்கள் இப்போதே கதிரையை நிழலுக்குள் இழுத்துக்கொள்ளுங்கள்.

கழகம் தொடங்கி இரண்டாம் மாதம். ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை. நான் ஓலை நீத்துப்பெட்டி நிறைய அவித்த புட்டு முழுவதையும் மூன்று வாழைப்பழத்தோடு பிசைந்து உண்டு, அதன்மேல் தேநீரும் வார்த்து, நேரே வந்து ட்ரெட்மில்லில் ஏறினேன். ஓடினேன் என்று சொல்லமாட்டேன். ஓடியது பட்டி. அதைவிட வேகமாக ஓடியது புட்டு. வயிற்றிலிருந்து புறப்பட்டது, நெஞ்சைக் கடந்தது, தொண்டையிலே வந்து நின்றது. அதற்குமேல் நடந்ததை மேடையில் சொல்வது தமிழுக்கு அழகில்லை. கண்ணாடியைத் துடைத்தவர் எங்கள் பயிற்றுநர் அனோஜன். இருபத்தாறு வயது. உடற்பயிற்சியின் அத்தனை நுணுக்கத்தையும் கைத்தொலைபேசியில் பார்த்தே கற்ற கெட்டிக்காரன். துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: “ஐயா, வெறும் வயித்தோட வரவேணும். செய்து முடிச்சுப்போட்டுத்தான் சாப்பிடவேணும்.”

அந்தச் சொல்லை வேதமாக எடுத்துக்கொண்டவர் தலைவர். மறுநாள் அவர் வெறும் வயிற்றோடு வந்து, ஐம்பது தரம் குந்தி எழும்பப் போவதாக அறிவித்தார். நாங்கள் சூழ நின்று எண்ணினோம். பதினொன்று என்றோம். குந்தினார். எழும்பவில்லை. தவம் செய்கிறார் என்று நினைத்துக் காத்திருந்தோம். பார்த்தால் மயக்கம்! சீனித்தண்ணி பருக்கி, விசிறி எடுத்து வீசி, பெயர் சொல்லி அழைத்தபின் கண்ணைத் திறந்தார். திறந்ததும் கேட்ட முதற்கேள்வி: “நேற்றையப் புட்டு மிச்சம் கிடக்கோ?”

அண்ணர் முறைக்கிறார். முறைக்கட்டும். வரலாறு எவருக்கும் அஞ்சாது.

இப்போது நீங்கள் என்ன நினைப்பீர்கள்? புட்டு வெளியேறப் பெற்ற நான் ‘பிறகு உண்போம்’ என்ற கட்சியிலும், பசியால் விழுந்த அவர் ‘முதலில் உண்போம்’ என்ற கட்சியிலும் சேர்ந்திருப்போம் என்றுதானே? இல்லை! நான் ‘முதலில்’ கட்சியின் தலைவன் ஆனேன். ஏன்? என் குற்றம் புட்டில் இல்லை, வாழைப்பழத்தில் என்பது என் வாதம். அவர் ‘பிறகு’ கட்சியின் தலைவர் ஆனார். அவரை விழுத்தியது பசி இல்லை, தகரக் கூரையின் வெக்கை என்பது அவருடைய வாதம். பட்டும் தெளியாத இரண்டு பெரிய மனிதர்களுக்குப் பின்னே இருபத்தேழு அங்கத்தவர்களும் பிரிந்து நின்றார்கள். புட்டுக்குப் பின் பாரமா, பாரத்துக்குப் பின் புட்டா? வீட்டிலே கேட்டார்கள். வீதியிலே கேட்டார்கள். ஒரு செத்தவீட்டில், பறை அடிப்பவர் சற்று ஓய்ந்த இடைவெளியிலும் ஒருவர் என்னிடம் கேட்டார். நான் விடையும் சொன்னேன். பறை மறுபடி முழங்கியதால் அவருக்கு அது கேட்கவில்லை.

முடிவு காண்பதற்கு ஒரு போட்டி வைத்தோம். தைப்பொங்கல் விளையாட்டு விழாவன்று, உண்டவர் மூவர், உண்ணாதவர் மூவர். தலைவருடைய உழவு மிசினைக் கயிறு கட்டி இழுக்கவேண்டும். யார் கூடத் தூரம் இழுக்கிறாரோ அவருடைய கட்சியே உண்மை!

என் மூவரும் இழுத்தார்கள். மிசின் அசையவில்லை. சாப்பாடு காணாது என்று சொல்லி, ஆளுக்கு இரண்டு ரொட்டி ஊட்டி மறுபடி இழுக்கவிட்டேன். அசையவில்லை. அவருடைய மூவரும் இழுத்தார்கள். அசையவில்லை. தலைவர் என்ன சொன்னார் தெரியுமா? “பசி காணாது! இன்னும் ஒரு மணித்தியாலம் பொறுத்து இழுப்பம்!”

அந்த வேளையிலேதான் ஒரு பெண்மணி சைக்கிளை நிறுத்தினார். சைக்கிளின் பின்னே மாட்டுக்குப் புல்லுக்கட்டு. ஐம்பத்து நான்கு வயது. குளத்துக்குக் கீழே இரண்டு ஏக்கர் வயலைத் தனியே பார்க்கிறவர். இதோ, உங்கள் நடுவே முகத்தை மறைத்துக்கொண்டு இருக்கிறாரே, அந்த வடிவம்மா! அவர் சிரிக்கவில்லை. ஏளனம் செய்யவில்லை. மெல்லச் சொன்னார்: “அண்ணை, மிசின் கியரில நிக்குது.”

அனோஜன் ஏறிக் கியரை விடுவித்தார். அங்கே நிலம் சற்றுச் சரிவு. அண்டம் நடுங்கியதோ, ஆழி பொங்கியதோ என்னும்படி மிசின் தானாகவே உருண்டு வாய்க்காலுக்குள் இறங்கியது. கயிற்றைக் கைவிட மறந்த தலைவரின் மூவரும் அதன்பின்னே இறங்கினார்கள். இரு கட்சியினரும் வெற்றி வெற்றி என்று கைதட்டினோம்!

கைதட்டல் ஓய்ந்தபின்னும் வடிவம்மா போகவில்லை. என்னிடம் வந்து கேட்டார்.

“அண்ணை, உங்கட ஜிம்மில பொம்பிளையள் சேரலாமோ?”

“சேரலாம் பிள்ளை. எதுக்கு?”

“அறுபது கிலோ தூக்கவேணும்.”

“எதை?”

“இவரை.”

இவர் என்றால் அவருடைய கணவர் வீரகத்தி. பாரிசவாதம் வந்து இடப்பக்கம் இயங்காமல் படுக்கையில் விழுந்தவர். வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் நிரோஜா மிஸ், அவரை நாளாந்தம் எழுப்பி இருத்தினால் தேறுவார் என்று நம்பிக்கை சொல்லியிருந்தார். சக்கர நாற்காலியும் வீட்டுக்கு வந்து, மூலையில் நின்றது. ஆனால் தூக்குவதற்கு ஆளில்லை. உதவிக்கு வந்த மருமகன் வேலை கிடைத்து வவுனியாவுக்குப் போய்விட்டான். மூன்று மாதமாக அந்த மனிதர் தன் சொந்த முற்றத்தைக் காணவில்லை.

“ஒருக்கா நான் தனியத் தூக்கிப் பாத்தனான் அண்ணை. ரெண்டு பேரும் விழுந்திட்டம். பக்கத்து வீட்டுக்காரர் வரும் வரைக்கும் நிலத்தில கிடந்து கதைச்சுக்கொண்டிருந்தம்.”

“என்ன கதைச்சனீங்கள்?”

“மழை வருமோ எண்டு.”

அவையோரே, அந்த இடத்திலாவது எங்களுக்குப் புத்தி வந்திருக்கவேண்டாமா? வந்ததா? வரவில்லை! வடிவம்மா சேர்ந்ததும் எங்களுக்குள் எழுந்த ஒரே எண்ணம், இவரை எந்தக் கட்சி பிடிப்பது என்பதுதான். விடிந்ததும் நான் நான்கு அவித்த முட்டையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டு வாசலில் நிற்பேன். “பிள்ளை, முதல்ல இதைச் சாப்பிடு.” அவர் பயிற்சி முடிந்து போகும்போது தலைவர் அவித்த பயறும், இன்னும் நான்கு முட்டையும், ஒரு போத்தல் பசும்பாலும் கொண்டு அதே வாசலில் நிற்பார். “பிள்ளை, பிறகு இதைச் சாப்பிடு.” இரண்டையும் வடிவம்மா வணக்கத்தோடு வாங்குவார். “பிறகு சாப்பிடுறன் அண்ணை” என்று சைக்கிள் கூடைக்குள் வைப்பார்.

அவர் பலமோ ஏறியது! முதல் மாதம் இருபத்தைந்து கிலோ. இரண்டாம் மாதம் நாற்பது. மூன்றாம் மாதம் அனோஜன் கைகட்டிப் பார்த்து நிற்க, ஐம்பத்தைந்து கிலோ! ‘முன்னுண்டு முன்னேறியவர்’ என்று நான் அவருடைய படம் போட்டுப் பதாகை கட்டினேன். ‘பின்னுண்டு பெருமை கொண்டவர்’ என்று அதே படம் போட்டு, என் பதாகைக்கு மேலே ஒரு முழம் உயர்த்தி, தலைவர் கட்டினார். வீதியில் தொங்கிய அந்தப் பதாகைகளைக் கண்டு கூசிப்போன வடிவம்மா, அந்த வீதியையே விட்டுச் சுற்றுப்பாதையால் வரத் தொடங்கினார்.

அப்படியிருக்க ஒரு நாள், பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போது நிரோஜா மிஸ் ஜிம்முக்குள் வந்தார். வந்த வேகத்தில் தராசின் முள் தானாக ஆடியது.

“இஞ்ச ஆர் செயலாளர்?”

“நான்தான் மிஸ்.”

“வீரகத்தி ஐயாவை நேற்று அம்புலன்சில கிடத்திக் கொண்டுபோய்க் கிளினிக்கில நிறுத்துப் பாத்தனாங்கள். முந்தி அறுபது கிலோ. இப்ப எழுபத்து மூண்டு. படுக்கையில கிடக்கிற மனுசனுக்கு நாளுக்கு எட்டு முட்டை ஆர் குடுக்கிறது?”

நாங்கள்! நாங்கள்தான்! நான் நான்கு, தலைவர் நான்கு! நாங்கள் முன்னும் பின்னும் கொடுத்தது அத்தனையும் கூடையில் ஏறி, வீட்டுக்குப் போய், வீரகத்தியாரின் வாயில் இறங்கியிருக்கிறது. இந்தப் பெண் இங்கே பலம் ஏற ஏற, அந்த மனிதர் அங்கே பாரம் ஏறிக்கொண்டிருந்தார். இவர் பத்துக் கிலோ எட்டிப் பிடித்தால் அவர் நான்கு கிலோ தள்ளிப் போவார். மூன்று மாதம் துரத்தியும் பிடிபடாத கணவர்!

சிரியுங்கள். அன்று நாங்களும் சிரித்தோம். ஆனால் வடிவம்மா கையிலிருந்த இரும்புத் தடியைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார். “அவருக்கு வைக்காமல் நான் என்னெண்டு தின்னுறது? உதுகள் நாங்கள் காசு குடுத்து வாங்கித் தின்னுற சாமானே? பாவம், ஆசையாச் சாப்பிட்டார்.”

“அப்ப நீ என்ன சாப்பிட்டனீ பிள்ளை?”

“பிளேன் ரீ.”

அவையோரே, இனிச் சொல்லப்போவதை வெட்கத்தோடு சொல்கிறேன். மூன்று மாதம் வெறும் சாயத்தண்ணியோடு ஐம்பத்தைந்து கிலோ தூக்கிய ஒரு பெண்ணைப் பார்த்து, படித்தவன், பண்பாளன், முப்பத்திரண்டு வருடம் அரச சேவை செய்தவன், இந்தச் சிற்றம்பலம் என்ன கேட்டான் தெரியுமா?

“முன்னுக்கோ, பின்னுக்கோ?”

நிரோஜா மிஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். “ஐயா, முதல்ல அவாவுக்கு இப்ப ஏதும் சாப்பிடக் குடுங்கோ” என்றார். பிறகு தலைவரையும் என்னையும் அருகருகே இருத்தி, குழந்தைகளுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். வர ஒரு மணித்தியாலத்துக்கு முதல் கொஞ்சமாகச் சாப்பிடலாம். முடிந்து போய் வயிறு நிறையச் சாப்பிடலாம். ஒத்துவராதவர் முதலில் தவிர்க்கலாம். “உதுக்கே இவ்வளவு நாளாச் சண்டை பிடிச்சனீங்கள்?”

பிடித்தோம்! மாதக்கணக்காகப் பிடித்தோம்! எப்போது உண்பது என்று கேட்டோம். எவ்வளவு உண்பது என்று கேட்டோம். இருபத்தேழு பேர் வரிசையாக நின்று கேட்டோமே, எங்கள் கண்ணுக்கு முன்னே கையில் இரும்போடு நிற்கிறவர் உண்டாரா என்று எவர் கேட்டோம்? எங்கள் வாதத்துக்கு வலுச் சேர்க்க அவர் வேண்டும்; அவர் வயிறு எங்களுக்கு வேண்டாமா?

அன்றே அத்திவாரம் வெட்டினோம். கழகத்துக்குள் குசினி. இங்கே சமைத்து, இங்கேயே இருந்து, எல்லோரும் பார்க்க எல்லோரும் உண்பது. வீரகத்தியாருக்கு நிரோஜா மிஸ் அளந்து சொன்ன உணவை ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் கொண்டுபோவது. அதற்காகவே சைக்கிள் ஓடப் பழகி, இருமுறை வேலிக்குள் இறங்கியவர் நம் தலைவர் அவர்கள்.

ஓம் தாய்மாரே, முடிக்கிறேன். இன்னும் ஒன்றுதான்.

போன மாதம் ஒரு காலை. வீரகத்தியார் அறுபத்து நான்குக்கு இறங்கியிருந்தார். வடிவம்மா எழுபதைத் தொட்டிருந்தார். நாங்கள் இருபத்தேழு பேரும் அவர்கள் முற்றத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நிரோஜா மிஸ் சொன்னபடி கணவரின் கையைத் தன் தோளில் போட்டு, முழங்காலை மடித்து, இடுப்பை இறுக்கி, “எழும்புவமே?” என்று கேட்டார் வடிவம்மா. எழுந்தார்கள்! இருவரும் எழுந்தார்கள்! திரும்பினார்கள். நாற்காலியில் இருத்தினார். அனோஜன் சத்தமாக அழுதார். நான் சத்தமில்லாமல் அழுதேன்.

சக்கரம் முற்றத்துக்கு உருண்டு, வேலியோரம் நின்றது. வீரகத்தியார் தன் வயலை நெடுநேரம் பார்த்தார். வாய் கோணி, சொல் குழறி, ஆனால் தெளிவாகக் கேட்டார்.

“வரப்பை ஆர் வெட்டினது? கோணலாக் கிடக்கு.”

“நான்தான்.”

அவர் யோசித்தார். “பரவாயில்லை. தண்ணி நிக்கும்” என்றார்.

வடிவம்மா சிரித்தபடி நாற்காலியின் அருகே மண்ணில் இருந்துகொண்டார். எங்களை நிமிர்ந்து பார்த்தார். கழகத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஒன்றும் கேட்டறியாத அந்தப் பெண் கேட்டார்: “அண்ணை, எனக்குப் பசிக்குது. ஏதும் கொண்டுவந்தனீங்களோ?”

இருபத்தேழு பேர். ஒருவர் கையிலும் தின்ன ஒரு பணிஸ்கூட இல்லை! ஓடினோம் ஐயா, ஓடினோம்! ட்ரெட்மில்லில் ஓடாத ஓட்டம் அன்று ஓடினோம்!

வடிவம்மா, எழும்பி வாங்கோ. திறப்பு உங்களுடைய கையில். முதற் சோறும் உங்களுடையது. இவ்வளவு நேரம் என்னைச் சகித்த செவிகளுக்கும், அடுப்பை அணையாமல் காத்த கைகளுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும். வணக்கம்.