கடைசி முறையாக

உங்கள் அறையில் வெளிச்சம் சரியில்லை, சார். இந்த டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்தால் யாராக இருந்தாலும் குற்றவாளி மாதிரித்தான் தெரிவார்கள். தொழில் புத்தி, மன்னியுங்கள். கலை நிகழ்ச்சிகளுக்கு விளம்பரம் செய்து வயிறு வளர்த்தவன் நான். காற்று வாங்கிய அரங்கை நிரம்பி வழிந்ததாக எழுதியிருக்கிறேன். படத்தில் காலி நாற்காலி விழக்கூடாதென்று வெளியே நின்ற டிரைவர்களை முன்வரிசைக்குக் கூட்டி வந்திருக்கிறேன். அதில் ஒருவர் குறட்டை விட்டார். 'இசையில் கண்மூடி லயித்த ரசிகர்' என்று படத்துக்குக் கீழே போட்டேன்.

பெருமை என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்று உண்டு. நான் கொடுத்த செய்திக்கு நானே மறுப்பு கொடுத்ததில்லை.

செத்துப்போனவர் என் அக்கா வீட்டுக்காரர். அருமையான வயலின்காரர், தங்கமான மனிதர். ஆனால் டிக்கெட் விற்கவில்லை. அதனால் போஸ்டரில் 'கடைசி முறையாக மேடையில்' என்று ஒரு வரி சேர்த்தேன். அவரிடம் கேட்கவில்லை; கேட்டிருந்தால் சம்மதித்திருக்க மாட்டார். டிக்கெட் மளமளவென்று தீர்ந்தது. பேட்டிகளில் நானே உருகி உருகிப் பேசினேன். ஒரு பேட்டியில் கைக்குட்டை கேட்டு வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அவருக்கு ஆஸ்துமா. மூச்சு முட்டினால் உறிஞ்சும் மருந்து எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். பை புடைத்தால் படம் கெட்டுவிடும் என்று மேடையேறும் முன் அதை நான் வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். அன்றும் வாங்கினேன்.

வாசிப்பு பிரமாதம். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே ஒப்பனை அறைக்கு வந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"மாப்ளே, இப்படிக் கூட்டத்தப் பாத்து எவ்வளவு நாளாச்சு. அடுத்த மாசமே இன்னொண்ணு வச்சிரு."

"அத்தான், கடைசி முறைன்னு ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கு."

"அது உன் வேலைதானா? அரங்கத்துக்காரங்க ஏதோ தப்பா அடிச்சிட்டாங்கன்னுல்ல நெனச்சேன். பத்திரிகைக்காரங்க வெளியதான நிக்கிறாங்க, நானே சொல்லிடறேன், சும்மா விளம்பரத்துக்குப் போட்டதுன்னு." அதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. கையை நீட்டினார். "அந்த மருந்தக் குடு."

மருந்து என் பையில்தான் இருந்தது. "கார்ல விட்டுட்டேன் அத்தான், எடுத்துட்டு வரேன்" என்றேன். வெளியே வந்து கதவைப் பூட்டினேன்.

தாழ்வாரத்தின் கோடியில் நின்ற பத்திரிகைக்காரர்களிடம் அவருடைய இளமைக்காலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் கதவு தட்டும் சத்தம் கேட்டது. என்ன சத்தம் என்றார் ஒருவர். "ரசிகர்கள் சார், பின்வாசல்ல முண்டுறாங்க" என்றேன். எழுதிக்கொண்டார்கள். சத்தம் நின்ற பிறகும் நான் கொஞ்ச நேரம் பேசினேன்.

"கடைசியா என்னடா சொன்னாரு?" என்று அன்றிரவு அக்கா கேட்டாள்.

"மனசு நெறஞ்சிருச்சுன்னாருக்கா."

மறுநாள் பத்திரிகையில் அதுதான் தலைப்பு. அக்கா அதை வெட்டி எடுத்து வைத்திருக்கிறாள். அதை நினைத்தால்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும் சார், நான்தான் செய்தேன். ஆனால் அதற்கு மேலே, போஸ்டரில் பொய்யான செய்தி போட்டேன் என்று ஒரு வரி இருக்கிறது பாருங்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள்.