நின்ன உசரம்

ஹட்டனிலிருந்து நோர்வூட் போகிற பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். ஆஸ்பத்திரியில் மகனைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"ஏங்க, உசரத்த கேக்குறாங்களே. நின்ன உசரத்த சொல்றதா, உக்காந்த உசரத்தயா?"

"மெதுவா பேசு லெச்சுமி."

மகனுக்கு அளவெடுத்து ஸ்னூக்கர் கம்பு செய்யப்போகிற கொழும்புக் கடைக்காரர்தான் கேட்டிருக்கிறார்.

"கல்யாணச் சட்டைக்குக்கூட இவ்வளவு கேக்க மாட்டாங்க. எந்தக் கை, கை எவ்வளவு நீளம்..."

"அவன் ஆசப்பட்டது. கேக்கட்டும்."

"படுத்துக்கிட்டே போன்ல மரம் பாக்குறான். பிடிக்குக் கருங்காலிதான் வேணுமாம். இனி நடக்க மாட்டான்னு டாக்டர் நம்மகிட்ட மட்டுந்தானே சொன்னாரு. சக்கர நாக்காலியில உக்காந்து அடிக்கிற மாதிரி நீளத்த கொறச்சு கட்டையா செய்யச் சொல்லுங்க. வெளையாடவாவது செய்வான்."

"கட்டையா வந்தா, பெட்டிய தொறந்ததுமே அவனுக்கு வெளங்கிரும். இனி நடக்க மாட்டேன்னு அவனுக்கு ஒரு கம்பா சொல்லணும்? நீ மொதல்ல சொல்லு. நான் கட்டையா செய்யச் சொல்றேன்."

"நான் எப்புடிங்க சொல்லுவேன்?"

போன் அடித்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார்.

"ஆமாங்க தம்பி. அஞ்சடி எட்டு. ஆமா, நின்னுதான் அடிப்பான்."

போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு மூன்று வளைவுகள் தாண்டிய பிறகு அந்த அம்மா சொன்னார்:

"கம்பு கைக்கு வந்தா எந்திரிக்கப் பாப்பானேங்க."