பெருங்குடலில் ஒரு சிறுவன்

– மைக்குல அதை மட்டும் சொல்லாதேக்கா. கும்பிட்டுக் கேக்கறேன்.

– எதைடா?

– நடிக்காத. கையில வெச்சிருக்கற சீட்டுல முதல் வரியே "அஜீரணம்"னு இருக்கு. இங்கிருந்தே தெரியுது.

– பின்னே? அம்மா அப்பாவுக்குக் கல்யாணமாகி ஐம்பது வருஷம். கீழ ஹால்ல இருநூறு பேர் உட்கார்ந்திருக்காங்க. மூத்தவ நான் போய் நின்னு, "வணக்கம், எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னா சொல்லுவேன்? பாதிப் பேர் உன் கதையைக் கேக்கத்தாண்டா வந்திருக்காங்க. அம்மாவே காலையில மறக்காம ஞாபகப்படுத்தினாங்க.

– எனக்கு நாப்பத்தாறு வயசு. குடிநீர் வாரியத்துல அறுபது பேர் எனக்குக் கீழ வேலை பார்க்கறாங்க. அதுல பதினஞ்சு பேர் கீழ உட்கார்ந்திருக்காங்க.

– அய்யே, குழாய் அடைப்பு எடுக்கற அதிகாரி ஒரு காலத்துல தானே அடைப்பா இருந்தவர்னா அவங்களுக்குப் பெருமைதானே!

– அக்கா.

– சரி சரி, மெதுவாப் பேசு. அம்மா உள் ரூம்ல தலை வாரிட்டு இருக்காங்க. ஒரு தடவை படிச்சுக் காட்டறேன், கேளு. "எங்க சின்ன வயசுல ஊருக்கு வெளிய உடம்புப் பூங்கான்னு ஒண்ணு இருந்தது. பெரிய சிமெண்ட் மனுஷன் ஒருத்தன் வாயைப் பொளந்துட்டு மல்லாந்து படுத்திருப்பான். வாயில டிக்கெட்டைக் குடுத்துட்டு, நாக்குல நடந்து, தொண்டையில சறுக்கி, வயித்துல போய் விழணும்..."

– வயித்துல முட்டி வரைக்கும் மஞ்சத் தண்ணி. யாராவது ஒருத்தர் எப்பவும் அதுல செருப்பைத் தேடிட்டு இருப்பாங்க.

– பாத்தியா, உனக்கே வாய் ஊறுது!

– ஊறல. இதயத்தைக் கொண்டுபோய்க் குடலுக்குப் பக்கத்துல கட்டின ஆளை இன்னும் தேடிட்டு இருக்கேன்.

– அதானே! நெஞ்சை ஐஸ்கிரீம் கடைக்கு வாடகைக்கு விட்டுட்டானாம் புண்ணியவான். இதயம் இறங்கி இடுப்புல உட்கார்ந்துடுச்சு. பரீட்சையில என் வகுப்பே தொப்புளுக்குக் கீழ இதயம் வரைஞ்சு வெச்சோம். டீச்சர் அடிச்ச அடி இருக்கே! இரு, இதையும் சேத்துக்கறேன். பேனா இருக்கா?

– இல்ல.

– சட்டைப் பையில தெரியுதுடா, குடு. அப்புறம் நம்ம கட்டம். "ஏழு வயசு தம்பி பெருங்குடலுக்குள்ள போனான். போனவன் போனவன்தான். கம்பியைப் பிடிச்சுட்டு நின்னவன் நகரவே இல்ல. அவனுக்குப் பின்னாடி நாப்பது பிள்ளைங்க. அதுக்குப் பின்னாடி ஒரு பள்ளிக்கூடமே வயித்துல நிக்குது. ஒலிபெருக்கியில சொல்றான், பெருங்குடலில் ஒரு சிறுவன் நிற்கிறான், பெற்றோர் உடனே பின்வாசலுக்கு வரவும்..." இந்த இடத்துல எப்பவும் சித்தப்பா விழுந்து விழுந்து சிரிப்பார்.

– ரெண்டு மணி நேரம் நின்னேன்.

– ரெண்டேகால். கடைசியில கூட்டறவர் பின்னாலேருந்து துடைப்பத்தால தள்ளித்தான் வெளிய வந்த. அன்னைக்கு விழுந்த பேருதான் அஜீரணம். என் கல்யாணத்துல சொன்னேன், உன் கல்யாணத்துல சொன்னேன், உன் பொண்டாட்டி மாலையோட சிரிச்சா. பயந்தாங்கொள்ளியா இருந்துட்டு இப்ப மானம் போகுதுங்கற.

– நான் பயந்து நிக்கலக்கா.

– இருட்டுல கம்பியைக் கட்டிப் பிடிச்சுட்டு நின்னவன் வேற என்ன, காத்து வாங்கினியா?

– அன்னைக்கு அப்பா எங்க இருந்தார்?

– காதுல. உள்ள வந்தா மூச்சு முட்டுது, காதுல காத்தோட்டமா உட்கார்ந்திருக்கேன்னு போனார். ஏன்?

– அம்மா?

– பின்வாசல்ல, என்கூட. நீ வந்ததும் அடுத்து இதயம் பாக்கப் போறதா இருந்தோம். உன் புண்ணியத்துல அதையும் பாக்கல.

– குடலுக்கும் இதயத்துக்கும் நடுவுல ஒரு கண்ணாடி ஜன்னல் இருந்தது. அந்தப் பக்கம் சிவப்பு விளக்கு, லப்டப் லப்டப்னு சத்தம். அப்பா அங்க இருந்தார்.

– காதுலேருந்து இறங்கி வந்திருப்பார்.

– அப்பா ஆபீஸ் டைப்பிஸ்ட் ஆன்ட்டியும் இருந்தாங்க. அப்பா தோள்ல சாஞ்சு அழுதுட்டு இருந்தாங்க. அவங்க மூக்குக்கண்ணாடியை அப்பா தன் சட்டை நுனியால துடைச்சுட்டு இருந்தார்.

– கண்ணாடியையா? அப்பாவா?

– அம்மா கண்ணாடியை அவர் ஒரு நாளாவது தொட்டுப் பாத்திருக்கியா? உட்கார்ந்து நசுக்கினது தவிர?

– டேய்.

– நான் வெளிய வந்தா நீங்க நேரா அங்க போவீங்க. உள்ள நின்னா அம்மா பின்வாசலை விட்டு நகரமாட்டாங்க. ஏழு வயசு மூளைக்கு அவ்வளவுதான் எட்டிச்சு. அப்பாவும் அந்த ஆன்ட்டியும் எழுந்து போறவரைக்கும் கம்பியை விடல.

– இத்தனை வருஷமா, அஜீரணம் அஜீரணம்னு நான்... நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா!

– யார்கிட்ட? ஊருக்கே ஒலிபரப்பற உன்கிட்டயா?

– அதானே. என்கிட்டயா சொல்லுவ. இந்தா, இந்தச் சீட்டைக் கிழிச்சுடறேன். வேற எதாவது சொல்லிக்கறேன். அம்மா காதுல மட்டும் இது...

– ஏன்டி கிழிக்கற?

– அம்மா! நீங்க எப்ப வந்தீங்க?

– அந்த ரூம் கதவுக்குத் தாழ்ப்பாளும் இல்ல, ஒழுங்கான பலகையும் இல்ல. கிழிச்சதை ஒட்டு.

– அம்மா, நான் சும்மா ஏதோ... அது வேற யாரோவா இருக்கும். இருட்டு வேற.

– சமாளிக்காதடா. உன்னை வெளிய தள்ளி விட்டதும் உங்கப்பா ஓடி வந்தார். சட்டைப் பையில ஒரு பொம்பளைக் கண்ணாடி. அவர் கண்ணாடியே போடாத மனுஷன். வீட்டுக்கு வந்து சட்டையைத் துவைக்கறப்போ எடுத்து அலமாரிமேல வெச்சேன். மறுநாள் காணோம். அவரும் கேக்கல, நானும் கேக்கல.

– அப்போ உங்களுக்கு எல்லாமே...

– உன்னைப் பயந்தாங்கொள்ளின்னுதான் நானும் நினைச்சுட்டு இருந்தேன். அது மட்டும்தான் தப்பு. இப்படி வா, காலர் மடங்கியிருக்கு.

– அம்மா, நான் சொல்லலம்மா. இனிமே எங்கயும் சொல்லமாட்டேன்.

– சொல்லணும். உன் கல்யாணத்துல, இவன் கல்யாணத்துல, ஒரு விசேஷம் விடாம உன்னை எழுப்பிவிட்டு அந்தக் கதையைச் சொல்லச் சொன்னது, இவனைப் பாத்துச் சிரிக்கறதுக்குன்னா நினைச்ச? போ, உங்கப்பாவை முதல் வரிசையில உட்கார வெச்சிருக்கேன்.