தாய்ப் புகார்

ஒரே ஒரு கிளிக்தாங்க. காலையில பதினொன்னேகால் மணி, கையில பாதி டீ, முடித்துவைன்னு இருக்கிற பட்டனை அமுக்குனேன். பதினாலு பேரோட போனுக்கு ஒரே நேரத்துல மெசேஜ் போயிடுச்சு. தங்கள் புகார் தங்களுக்குத் திருப்தியாக முடித்து வைக்கப்பட்டது. உங்களுக்கும் வந்திருக்குமே? ஆமா, அதேதான். அதை அனுப்புனது நான்தான்.

இல்லைங்க சார், ஹீட்டர் விக்க வரலை. கம்பெனி ஆளும் இல்லை. கதவைச் சாத்திடாதீங்க, கொஞ்ச நேரம்தான். நுகர்வோர் புகார் ஆபீஸ்ல வேலை பாக்குறேன். கார்டு இருக்கு, பாருங்க. போட்டோல கொஞ்சம் குண்டா இருப்பேன், ஆனா நான்தான் அது. நாலு மாசம் முன்னாடி நீங்க ஒரு புகார் குடுத்தீங்கல்ல, பாத்ரூம் கேஸ் ஹீட்டரைப் பத்தி? அந்த நீல டப்பா. என் வீட்டம்மா குளிச்சிட்டு வந்து கதவைப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறா, கேட்டா ஒன்னும் இல்லைங்கிறா. அப்படித்தான எழுதியிருந்தீங்க? மனப்பாடம்தான் சார். பதினாலும் மனப்பாடம். பரீட்சைக்குக்கூட நான் இப்படிப் படிச்சதில்லை.

அதை இன்னொரு தடவை குடுக்கணும். உங்க போன்ல இருந்து, உங்க வார்த்தையில. அதைக் கேக்கத்தான் வந்தேன்.

தண்ணியெல்லாம் வேணாம். சரி, குடுங்க. ஒரு நிமிஷம், உள்ள தண்ணி ஓடுற சத்தம் கேக்குதே, யாராவது குளிக்கிறாங்களா? பொண்ணா? அந்த ஹீட்டர்லயா? இன்னும் கழட்டவே இல்லையா? சார், கோவிச்சுக்காதீங்க, அந்த பாத்ரூம்ல ஜன்னல் இருக்கா? திறந்திருக்கா? போய்க் கதவைத் தட்டி ஹீட்டரை நிறுத்திட்டு ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்களேன். இப்பவே போங்க. நான் இங்கயே நிக்கிறேன், எதையும் தூக்கிட்டு ஓடிட மாட்டேன்.

திறந்துட்டாளா? நல்லது. வீட்டம்மா திட்டுனது இங்க வரைக்கும் கேட்டுச்சு. எவளோ ஒருத்தி வாசல்ல நின்னுக்கிட்டு நம்ம வீட்டுக் குளியலை விசாரிக்கிறாளாமேன்னு. நியாயம்தான். அவங்க இடத்துல நான் இருந்தா துடைப்பத்தோட வந்திருப்பேன்.

உக்காரலாமா? நடந்தே வந்தேன், அதான்.

எதுக்கு மறுபடியும்னு கேக்குறீங்க. சொல்றேன். எங்க ஆபீஸுக்குப் புகார் எப்படியெல்லாம் வரும்னு பாருங்க. போன்ல வரும், தபால்ல வரும், வெப்சைட்ல வரும். அதுபோக கவுன்ட்டர்ல ஒரு மிஷின் வச்சிருக்கோம், மூணு மூஞ்சி இருக்கும். சிரிக்கிற மூஞ்சி, சும்மா இருக்கிற மூஞ்சி, அழுவுற மூஞ்சி. மனசுல என்ன தோணுதோ அதை அமுக்கிட்டுப் போகலாம். அழுவுற மூஞ்சியை ஆளாளுக்குக் குத்திக் குத்தி அது உள்ளயே போயிடுச்சு, இப்ப வேலை செய்யல. அதனால இந்த வருஷம் மக்கள் கருத்து பிரமாதமா இருக்கு. சிரிங்க சார், நாங்களே சிரிச்சோம்.

எல்லாம் கடைசியில என் ஸ்கிரீனுக்குத்தான் வரும். பேர் தெரியாது, வீடு எங்கன்னு தெரியாது. ஒரு நம்பரு, கீழ நீங்க எழுதுனது, அவ்வளவுதான். தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்கன்னு சலுகை காட்டிடக்கூடாதுல்ல, அதுக்காக மறைச்சு வச்சிருக்காங்க. நல்ல ரூல்தான். நான் அதைப் படிச்சு எந்த வகைன்னு போடணும். உடைஞ்சது, ஓடாதது, எடை குறைவு, காலாவதி, இப்படி. தலை சுத்துதுன்னு ஒரு வகை கிடையாது. தலை சுத்துனா டாக்டரைப் பாக்கணும், எங்களை எதுக்குப் பாக்கணும்?

முதல்ல ஒருத்தங்க எழுதியிருந்தாங்க. குளிச்சிட்டு வந்தா கிறுகிறுன்னு வருது, இந்த ஹீட்டர் மாட்டுன நாள்ல இருந்துதான், புகையும் இல்லை, வாடையும் இல்லை, ஒருவேளை என் பிரமையாக்கூட இருக்கலாம், தொந்தரவுக்கு மன்னிக்கவும். புகார்ல போய் யாராவது மன்னிக்கவும்னு எழுதுவாங்களா? நான் பக்கத்து சீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிச்சேன். வகை, இதரன்னு போட்டு கம்பெனிக்குத் தள்ளிவிட்டாச்சு.

பத்து நாள் கழிச்சு இன்னொன்னு. அதே நீல டப்பா, குழந்தைக்கு வாந்தி. அப்புறம் உங்களது. அப்புறம் ஒருத்தரு, ஹீட்டர் ஓடுனா எங்க நாய் பாத்ரூம் பக்கமே வரமாட்டேங்குதுன்னு. எங்க ஆபீஸ்ல என்னன்னா, ஒரே விஷயத்தைப் பத்தி ரெண்டாவது ஆள் புகார் குடுத்தா அதைப் புதுசா எடுத்துக்க மாட்டோம். முதல் புகாரோட சேர்த்துவிட்டுடுவோம். முதல்ல வந்தது தாய்ப் புகார். பின்னாடி வர்றதெல்லாம் பிள்ளைப் புகார். உங்களது பிள்ளை, சார். ஆபீஸ் பாஷை, தப்பா எடுத்துக்காதீங்க. தாய்க்கு என்ன பதிலோ அதேதான் பிள்ளைக்கும். தாயை முடிச்சுட்டா பிள்ளைங்க எல்லாம் தானா முடிஞ்சிடும்.

எவ்வளவு வேலை மிச்சம் பாருங்க. நான் இதுல கெட்டிக்காரி. மத்தவங்க ஒரு நாளைக்கு நாப்பது பாத்தா நான் எண்பது பாப்பேன். வாசிக்கிறப்பவே மூக்குல வேர்த்துடும், இது இன்னதோட பிள்ளைன்னு. டக்குனு தாயைத் தேடிச் சேர்த்துவிட்டுடுவேன். செக்‌ஷன் மேடம் எல்லாரையும் நிக்கவச்சு, இவகிட்ட கத்துக்கோங்கடின்னு சொன்னாங்க. புகார்ங்கிறது கொசு மாதிரி, உக்காந்து ஊரு பேரு கேட்டுக்கிட்டு இருக்கக்கூடாது, தட்டிட்டுப் போய்க்கிட்டே இருக்கணும்பாங்க. நல்லவங்கதான். அவங்க டிபன் பாக்ஸ்ல பாதி எனக்குத்தான்.

வினை எங்க வந்துச்சுன்னா, இன்னொரு ரூல் இருக்கு. ஒரே மாடலுக்கு ஒரு வருஷத்துல பத்து புகார் வந்தா பரிசோதனைப் பிரிவு கிளம்பியே ஆகணும். கடையில இருந்து ஒரு டப்பாவை எடுத்துட்டு வந்து பிரிச்சு மேய்வாங்க. கோளாறு இருந்தா விக்கிறதை நிறுத்துவாங்க, வீடு வீடா மாட்டுனதைக் கழட்டச் சொல்லுவாங்க. நீல டப்பாவுக்குப் பதினாலு வந்துச்சு. கணக்குல எத்தனைன்னு நினைக்கிறீங்க? ஒன்னு. தாயை மட்டும்தான் எண்ணுவாங்க, பிள்ளைங்க எண்ணிக்கையில வராது.

யாரும் காசு வாங்கலை, யாரும் ஃபைலை ஒளிச்சு வைக்கலை. நான் வேலையை ஒழுங்கா செஞ்சேன், அதுதான் நடந்துச்சு.

வாம்மா வா. நல்லாத் துவட்டிட்டு வந்திருக்கலாம்ல, சொட்டுது பாரு. தலை கிலை சுத்துதா? இல்லையா? சும்மா கேட்டேன். ஜன்னலைத் திறந்தா குளிருதா? குளிரட்டும், பரவாயில்லை. குளிருனா கத்தவாவது தோணும். இந்த ஹீட்டர்ல வர்ற விஷக் காத்துல கத்தக்கூடத் தோணாதாம், தூக்கம் மாதிரிதான் வருமாம். ஐயோ, பயமுறுத்தலைம்மா. நீ போய்ப் படி. ஆனா இன்னிக்குல இருந்து வாளியில அடுப்புத் தண்ணிதான், சரியா? அப்பா கழட்டுற வரைக்கும்.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆங், முடிச்ச கதை. கம்பெனி ரெண்டு மாசம் கழிச்சுப் பதில் போட்டாங்க. கருவி நல்ல நிலையில் உள்ளது, காற்றோட்டத்துடன் பயன்படுத்தவும். ஒரு வரி. அதை அப்படியே தாய்ப் புகார் குடுத்தவங்களுக்கு அனுப்புனோம். திருப்தி இல்லைன்னா ஏழு நாளைக்குள்ள ரெண்டுன்னு பதில் அனுப்பணும். ஒன்னும் அனுப்பலைன்னா திருப்தின்னு அர்த்தம். மௌனம் சம்மதம்னு சொல்லுவாங்கல்ல, அதை எவரோ நிஜம்னு நம்பி ரூலாவே போட்டுட்டாங்க.

ஏழு நாள் ஆச்சு, பதில் வரலை. நடுவுல நான் நாலு நாள் லீவு வேற, வீட்டு விஷயம். திரும்பி வந்து பாத்தா தொண்ணூத்திச் சொச்சம் குவிஞ்சு கிடக்கு. ஒவ்வொன்னா அமுக்கிட்டே போனேன். அதுல இதுவும் ஒன்னு.

அன்னிக்கு எனக்கு ஒன்னுமே தெரியலை சார். பல்லு பிடுங்குறதுக்கு முன்னாடி ஊசி போடுவாங்களே, அப்புறம் கன்னத்தைக் கிள்ளுனாலும் வேற யாரையோ கிள்ளுற மாதிரி இருக்கும்ல? அது உடம்பு பூரா இருந்துச்சு. பக்கத்து சீட்டுக்காரி முதுகைத் தடவிக்குடுத்தா, எதுக்குத் தடவுறான்னு யோசிச்சேன். பசிச்சுது, ரெண்டு பன் வாங்கித் தின்னேன். இன்னும் அந்த ஊசி இறங்கலை. இறங்குறதுக்குள்ள இந்த வேலையை முடிச்சுடணும்னு பாக்குறேன்.

அப்புறம் ரெண்டு வாரம் கழிச்சுதான் உறைச்சுது. எப்படின்னா... அது இருக்கட்டும். மேடம்கிட்ட போனேன். மேடம், அந்தப் பதினாலையும் திறந்து தனித்தனியா பிரிச்சு விடுங்கன்னேன். முடிச்சதைத் திறக்க முடியாதும்மா, மாசக் கணக்கு மேல போயிடுச்சுன்னாங்க. தப்பா சேர்த்துட்டேன் மேடம்னேன். நீ தப்பா சேர்க்கவே மாட்டியேன்னாங்க. யாராவது ஏன் முடிச்சீங்கன்னு கேட்டாங்களா? இல்லை. அப்ப மக்கள் திருப்தியா இருக்காங்க, நீ ஏன் அல்லாடுறன்னு டிபன் பாக்ஸைத் திறந்தாங்க. நான் விஷயத்தைச் சொல்லலை. சொல்லியிருந்தா பாவம்னு இன்னும் பத்து நாள் லீவு குடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க.

அட்ரஸா? அதைத்தான் கேப்பீங்கன்னு நினைச்சேன். தபால் பிரிவுல ஒரு அண்ணன் இருக்காரு, கடுதாசி அனுப்புறதுக்கு அவர்கிட்ட மட்டும் அட்ரஸ் இருக்கும். கேட்டேன். லிஸ்டை எடுத்து மேசை மேல வச்சாரு. எனக்கு டீ குடிக்கணும் போல இருக்கு, கால் மணி நேரம் ஆகும், இந்த லிஸ்ட் மேசை மேலயே கிடக்கும், காத்துல பறக்காம பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அவருக்கு டீயே பிடிக்காது. தெரிஞ்சா என் வேலை போகும், அவரைச் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க.

இதுவரைக்கும் பத்து வீடு ஏறி இறங்கிட்டேன், உங்களது பதினொன்னு. எட்டுப் பேர் மறுபடியும் குடுத்துட்டாங்க. நாய்க்காரரு, நான் எழுதவா நாய் எழுதவான்னு கேட்டாரு, ஆனா குடுத்துட்டாரு. ஒரு அம்மா முடியாதுன்னுட்டாங்க. திருப்தின்னு கவர்மென்ட்ல இருந்தே மெசேஜ் வந்துச்சே, அப்ப நான் திருப்தியாத்தான் இருந்திருப்பேன்னு சொல்றாங்க. இன்னொரு வீடு காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. உங்களுக்கு அப்புறம் ரெண்டே வீடுதான் பாக்கி. முடிச்சுவச்ச பழசு கணக்குல வராது, அதனால நீங்க குடுத்தா ஒம்பது. அந்த ரெண்டுல ஒருத்தர் குடுத்தாலும் போதும், பத்து.

மறுபடியும் சேர்த்துவிட்டா? அதுக்குத்தான் நேர்ல வந்தேன். ஃபாரத்துல கடைசியில ஒரு குட்டிக் கட்டம் இருக்கும், உடலுக்குப் பாதிப்பு உண்டான்னு. அதுல டிக் அடிச்சா அந்தப் புகாரை எதோடயும் சேர்க்க முடியாது, பட்டனே வேலை செய்யாது. பதினாலு பேருல ஒருத்தர்கூட அடிக்கலை. ரத்தம் வந்தாத்தான் பாதிப்புன்னு எல்லாரும் நினைச்சுக்கிறீங்க. நீங்களும் காலியாத்தான் விட்டிருந்தீங்க.

முதல் ஆளா? தாய்ப் புகார் குடுத்தவங்களா? பதினாலாவது வீடு அதுதான். அவங்ககிட்ட கேக்க வழியில்லை சார். எங்க அக்கா அது.

நான் அங்க வேலை பாக்குறது தெரியும், ஆனா என்கிட்ட சொல்லாம வெப்சைட்ல போட்டிருக்கா. தங்கச்சியை வச்சு காரியம் சாதிச்சுக்கிட்டான்னு பேர் வந்துடக்கூடாதுல்ல, அவ அப்படித்தான். பேரு மறைச்சிருக்கு, எனக்கும் தெரியலை. ஏழு நாள் மெசேஜ் போன மூணாவது நாள், பாத்ரூம்ல. வழுக்கி விழுந்ததுல உயிர் போச்சுன்னு ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்தாங்க. அந்த நாலு நாள் லீவு அதுக்குத்தான். அப்புறம் மாமா அவ போனைக் குடுத்து, போட்டோவெல்லாம் எடுத்துக்கோம்மான்னாரு. திறந்தா மேல என் மெசேஜ், திருப்தியாக முடித்து வைக்கப்பட்டதுன்னு. புகார் நம்பரைப் பாத்ததும் தெரிஞ்சுடுச்சு, நம்பர் எனக்கு மறக்காது.

நீங்க ஏன் எழுந்திருக்கிறீங்க, உக்காருங்க. நான் நல்லாத்தான் இருக்கேன். போனை எடுங்க, உங்க வார்த்தையிலயே எழுதுங்க, நான் சொல்லித் தரக்கூடாது. வீட்டம்மாவையும் கூப்பிடுங்களேன். வாங்கம்மா, இப்படி உக்காருங்க. குளிச்சிட்டு வந்து கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களாமே, அப்ப காதுக்குள்ள கொய்னு ஒரு சத்தம், கை கால் நம்மளதே இல்லாத மாதிரி, எங்கயாவது உக்காந்தா போதும்னு இருந்துச்சா? அக்கா ஒரு தடவை போன்ல அப்படித்தான் சொன்னா. ஒழுங்கா சாப்பிடுடின்னு சொல்லிட்டு வச்சுட்டேன். உங்களுக்கும் அப்படித்தான் ஆச்சா?